உயர் மின்னழுத்த மாற்றியில் ஒரு பாகம் போனால் மொத்தமும் ஏன் நிற்பதில்லை?

கேள்வி இதுதான்: "ஏ.சி.யை டி.சி.யாகவும் டி.சி.யை ஏ.சி.யாகவும் மாற்றும் பெரிய மாற்றிகளில் நூற்றுக்கணக்கான குறைக்கடத்திச் சாதனங்கள் தொடராக இணைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று பழுதானாலும் மாற்றி நிற்காமல் ஓடுகிறது என்கிறார்கள். கூடுதலாகச் சில பாகங்களைச் சேர்த்து வைப்பதுதான் இதன் ரகசியமா? எத்தனை சேர்த்தால் போதும்? எந்தக் கட்டத்தில் ஓட்டுவதை விட்டுவிட்டு நிறுத்த வேண்டும்?"

கூடுதல் பாகங்கள் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அது இரண்டாவது விஷயம். கெடுகிற பாகம் எந்த நிலையில் கெடுகிறது என்பதுதான் முதல் விஷயம். அலங்கார விளக்குச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பல்புகள் தொடராக இருக்கின்றன. ஒன்றின் இழை அறுந்தால் சரம் முழுவதும் இருண்டுவிடும். அந்தச் சரத்தில் இன்னும் பத்து பல்புகளைச் சேர்த்தால் நிலைமை மோசமாகுமே தவிர முன்னேறாது, ஏனென்றால் இப்போது அறுந்துபோக அறுபது இழைகள் இருக்கின்றன. மாறாக, இழை அறுந்ததும் பல்புக்குள்ளேயே இருக்கும் சிறு கம்பி இரு முனைகளையும் இணைத்துவிட்டால் மற்றவை தொடர்ந்து எரியும். அப்போதுதான் கூடுதல் பல்புக்குப் பொருள் உண்டு. தொடர் இணைப்பில் ஒரு பாகம் இணைந்த நிலையில் கெட்டால் மற்றவை பிழைக்கும். அறுந்த நிலையில் கெட்டால் எல்லாம் போயிற்று. மாற்றி வடிவமைப்பில் பாதி வேலை, ஒவ்வொரு பாகமும் எப்படிச் சாக வேண்டும் என்பதை அது உயிரோடு இருக்கும்போதே தீர்மானித்து வைப்பதுதான்.

தைரிஸ்டர் என்ற குறைக்கடத்திச் சுவிட்சுக்கு இந்த நல்ல குணம் பிறவியிலேயே உண்டு. உள்ளங்கை அளவுள்ள வட்டமான சிலிக்கான் தகடு, இருபுறமும் உலோகத் தட்டுகள், அவற்றைப் பல டன் விசையில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி. உள்ளே பற்றவைத்த கம்பி எதுவும் இல்லை. மின்னழுத்தம் தாங்காமல் தகடு உடையும்போது ஓரிடத்தில் உருகி ஒரு துளை விழும். கழற்றிய ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிபோல் பளபளக்கும் தகட்டில், விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, கடுகளவு கரும்புள்ளி. அவ்வளவுதான் சேதம். அந்தக் கடுகுப் புள்ளி வழியாக அது பல மாதங்கள் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கடத்திக்கொண்டு பேசாமல் இருந்தது. கவ்வியின் அழுத்தம் உருகிய இடத்தை மூடிப் பிடித்திருப்பதால் தொடர்பு விட்டுப்போவதில்லை.

மாற்றியில் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பெரிய சுவிட்சை வால்வு என்பார்கள். ஒரு வால்வில் 60 தைரிஸ்டர் போதும் என்ற இடத்தில் 62 போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று ஷார்ட் ஆனால், அதாவது இணைந்த நிலையில் கெட்டால், மீதி 61-உம் அதன் பங்கைப் பகிர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றின் மீதும் ஏறும் மின்னழுத்தம் 1.6 சதவீதம் மட்டுமே. சுவீடனில் காட்லாண்ட் தீவுக்கு 1954-இல் மின்சாரம் கொண்டுசென்ற இணைப்பு பாதரச வளைவு வால்வுகளில் (பாதரச ஆவி வழியாக மின்னோட்டம் பாயும் கலங்களில்) ஓடியது. அங்கே இந்த வசதி கிடையாது. ஒரு வால்வு என்றால் ஒரே கலம், அதில் பின்னோட்டம் ஏற்பட்டால் பக்கத்தில் வைத்திருக்கும் பைபாஸ் வால்வுக்கு மின்னோட்டத்தைத் தள்ளிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அதே இணைப்பில் 1970-இல் தைரிஸ்டர் வால்வுகள் சேர்ந்தபோது செயல்திறனைப் பற்றித்தான் பலரும் பேசினார்கள். என் கணக்கில் பெரிய ஆதாயம் வேறு: ஒரு வால்வு என்பது ஒரு பொருளாக இருந்தது மாறி, ஒவ்வொன்றாக இழக்கக்கூடிய பல பொருள்களின் அடுக்கு ஆனது.

எது போயிற்று என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு தைரிஸ்டரும் தன் மீது மின்னழுத்தம் வந்ததும் ஒளியிழை வழியாக ஒரு சிறு ஒளித்துடிப்பைத் தரைக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் இந்த வருகைப்பதிவு நடக்கிறது. துடிப்பு வராத தைரிஸ்டரைப் பழுதானவர் கணக்கில் எழுதிவிடுவார்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, புதியவர்கள் இதில்தான் சறுக்குவார்கள். துடிப்பு வரவில்லை என்றால் தைரிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். அல்லது தைரிஸ்டர் நலமாக இருந்து, அதன் பக்கத்திலுள்ள மின்னணு அட்டை செத்திருக்கலாம். முதல் வகை சாது. இரண்டாவது வகையில் அந்தத் தைரிஸ்டருக்கு, மின்னோட்டத்துக்கு வழி திறக்கச் சொல்லும் தூண்டல் வராது. சகபாடிகள் எல்லாம் திறந்துகொள்ள, இது மட்டும் மூடியபடி நிற்க, முழு மின்னழுத்தமும் இதன் தலையில் ஏறும். குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது தற்காப்புத் தூண்டல் அதைத் திறந்து காப்பாற்றும். நொடிக்கு ஐம்பது முறை, ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் பிழைக்கும் பிழைப்பு. திரையில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். பராமரிப்பு நாளில் பிரித்துப் பார்க்கும்வரை இது எந்த வகை என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டும்.

விரும்பியபோது திறக்கவும் மூடவும் கூடிய ஐஜிபிடி என்ற குறைக்கடத்திச் சுவிட்ச் வந்ததும் கதை சிக்கலாயிற்று. சாதாரண ஐஜிபிடி தொகுதிக்குள் பல சில்லுகள் இருக்கும், ஒவ்வொன்றையும் மெல்லிய அலுமினியக் கம்பிகள் இணைக்கும். சில்லு கெடும்போது முதலில் ஷார்ட் ஆகும். பெரும் மின்னோட்டம் பாய்ந்ததும் அந்தக் கம்பிகள் ஆவியாகிப் பறக்கும், வளைவு உண்டாகும், உறை வெடிக்கும், கடைசியில் சுற்று அறுந்த நிலையில் நிற்கும். தொடர் இணைப்புக்கு இது விஷம். இதற்கு மாற்றாகத்தான் அழுத்திப் பிடிக்கும் வகை ஐஜிபிடிகள் வந்தன. அவற்றில் கெட்ட சிலிக்கான் சில்லு மேலிருக்கும் உலோகத்தோடு உருகிக் கலந்து, ஓரளவு நிலையான கடத்தியாகிவிடும்படி செய்திருப்பார்கள். சாவை வடிவமைப்பது என்று சொன்னேனே, அதன் நேரடி உதாரணம் இது. ஆனால் அந்த உருகிய கலவையும் வெப்ப ஏற்ற இறக்கத்தில் முதுமையடையும், நிரந்தரம் என்று நம்பி உட்கார்ந்துவிட முடியாது.

இன்னொரு வழி, சாதனத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள பெட்டிக்கு அந்தக் குணத்தைக் கொடுப்பது. 2000-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ரைனர் மார்க்வார்ட் முன்வைத்த பல்தொகுதி மாற்றி இந்த வழியில்தான் போகிறது. டி.சி.யின் இரு முனைகளுக்கும் ஏ.சி.யின் மூன்று கட்டங்களுக்கும் (ஃபேஸ்) நடுவே ஆறு கைகள். ஒவ்வொரு கையிலும் நூற்றுக்கணக்கான துணைத் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஐஜிபிடிகள், இரண்டு டையோடுகள், ஒரு பெரிய மின்தேக்கி. 2010-இல் சான் பிரான்சிஸ்கோவில் இயங்கத் தொடங்கிய டிரான்ஸ் பே கேபிள் இந்த முறையில் அமைந்த முதல் வணிக எச்விடிசி (உயர் மின்னழுத்த டி.சி.) இணைப்பு: 400 மெகாவாட், ±200 கிலோவோல்ட், கைக்கு 200-க்கும் மேற்பட்ட தொகுதிகள்.

ஒரு துணைத் தொகுதி எப்படிச் சாகிறது என்பதை மெதுவாகப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. கணக்குக்கு எளிதாக மின்தேக்கி 10 மில்லிஃபாரட், மின்னழுத்தம் 2000 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 20,000 ஜூல். ஒரு டன் எடையை இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. இப்போது மேல் ஐஜிபிடி திறந்து மின்னோட்டத்தைக் கடத்தும் நேரத்தில் கீழ் ஐஜிபிடி ஷார்ட் ஆகிறது. மின்தேக்கியின் முழு ஆற்றலும் இந்த இரண்டு சாதனங்களுக்குள் பாயப் பார்க்கிறது. நலமாக இருக்கும் மேல் ஐஜிபிடி இந்த மின்னோட்டத்தை ஏறத்தாழ 10 மைக்ரோநொடி தாங்கும். ஐஜிபிடியைத் திறந்து மூடும் மின்னணுச் சுற்றான கேட் டிரைவர் அதற்குள் நிலைமையைப் புரிந்துகொண்டு அதை மூட வேண்டும். பெரும்பாலும் மூடிவிடும். மூட முடியாமல் போனால் அந்த ஒரு டன் எடை உறைக்குள்ளேயே விழும். செப்புப் பட்டைகள் வளையும், துண்டுகள் பறக்கும். அதனால்தான் நல்ல வடிவமைப்பில் தொகுதியின் உறை வெடிப்பைத் தாங்கும் கவசமாகவும் இருக்கிறது. பக்கத்துத் தொகுதியின் தண்ணீர்க் குழாயில் ஒரு சிலிக்கான் துண்டு பட்டால் பழுது ஒன்றல்ல, மூன்றாகிவிடும்.

கேட் டிரைவர் வென்றது என்று வைத்துக்கொள்வோம். தொகுதி இப்போது செயலற்று நிற்கிறது, ஆனால் கையில் ஓடும் மின்னோட்டம் நிற்கவில்லை. மற்ற இருநூறும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. கீழ்ச் சாதனம் ஷார்ட் ஆகியிருந்தால் மின்னோட்டம் அதன் வழியாகவே போய்விடும், நல்லது. கெட்டது வெறும் கட்டுப்பாட்டு அட்டையாக இருந்து எல்லாம் மூடிக்கிடந்தால்தான் ஆபத்து. ஒரு திசையில் ஓடும் மின்னோட்டம் கீழ் டையோடு வழியாகத் தாண்டிப் போய்விடும். எதிர்த் திசையில் ஓடும்போது மேல் டையோடு வழியாக மின்தேக்கியை நிரப்பும். நிரப்புமே தவிர வெளியே எடுக்க வழியில்லை. அடைபட்ட தொட்டியில் குழாய் மட்டும் திறந்திருப்பதுபோல. 1000 ஆம்பியர் பாய்ந்தால் ஒவ்வொரு மில்லிநொடிக்கும் 100 வோல்ட் ஏறும். 3300 வோல்ட் தாங்கும் சாதனங்கள் என்றால் 2000-இலிருந்து அங்கே போய்ச்சேர 13 மில்லிநொடி. மின்னோட்டம் ஏறி இறங்குவதால் நிஜத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும், அதை நம்பி யாரும் வடிவமைப்பதில்லை.

இந்தப் பந்தயத்தை வெல்வது பைபாஸ் சுவிட்ச். தொகுதியின் இரு முனைகளுக்கும் குறுக்கே நிற்கும் ஒரு எந்திரச் சுவிட்ச், உத்தரவு வந்த சில மில்லிநொடிகளில் ஓங்கி மூடிக்கொண்டு அவற்றை இணைத்துவிடும். ஐஜிபிடியை மூடினால் மின்னோட்டம் நிற்கும், இந்தச் சுவிட்சை மூடினால் பாயும். 5 மில்லிநொடி என்று வைத்தால் அதற்குள் ஏறியிருப்பது 500 வோல்ட். இன்னும் 800 வோல்ட் கையிருப்பு இருக்கிறது. மூடியதும் அந்தத் தொகுதி வெறும் செப்புத் துண்டு. விளக்குச் சரத்திலிருந்த சிறு கம்பியின் வேலையை இது செய்துவிட்டது.

கேட்க எளிது. ஆனால் அந்தச் சுவிட்சை மூடுவதற்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது? தரையிலிருந்து கம்பி இழுக்க முடியாது. தொகுதி லட்சக்கணக்கான வோல்ட் உயரத்தில் தொங்குகிறது, ஒளியிழை மட்டுமே அங்கே போகலாம். ஆகவே தொகுதி தன் மின்தேக்கியிலிருந்தே தன் மின்னணுவியலுக்கு உணவு எடுத்துக்கொள்கிறது. அந்தச் சிறிய மின்வழங்கி கெட்டுப்போனால் கேட் டிரைவருக்கும் உயிரில்லை, தரையோடு பேச்சும் இல்லை, சுவிட்சை மூடச் சக்தியும் இல்லை. நோயாளியே தன் சாவைப் பதிவு செய்ய வேண்டிய நிலை. இதற்காகச் சுவிட்சுக்குத் தனியாக ஒரு சிறு மின்தேக்கியில் சக்தி சேர்த்து வைப்பார்கள். பக்கத்துத் தொகுதியிலிருந்து மாற்று வழியில் மின்சாரம் கொடுப்பவர்களும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் பின்னால், மின்னழுத்தம் எல்லை மீறினால் யாருடைய உத்தரவும் இல்லாமல் தானே உடைந்து ஷார்ட் ஆகும் ஒரு தைரிஸ்டரை வைப்பதும் உண்டு. ஒரு வடிவமைப்பை மதிப்பிடச் சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மின்வழங்கி முற்றிலும் செத்த தொகுதியை உங்கள் மாற்றி எப்படிக் கடந்துபோகிறது? பதில் தயங்கித் தயங்கி வந்தால் மேற்கொண்டு கவனமாகப் படிக்கத் தொடங்குவேன்.

தொகுதி வெளியேறிய பிறகு மீதமுள்ளவை எப்படிச் சமாளிக்கின்றன? இரண்டு வழிகள். ஒன்று, உபரித் தொகுதிகளையும் தொடக்கத்திலிருந்தே வேலையில் சேர்த்துக்கொள்வது. 400 கிலோவோல்ட்டுக்கு 200 போதும், 206 இருக்கின்றன என்றால் ஒவ்வொன்றும் 1942 வோல்ட்டில் ஓடும். ஒன்று போனால் 205-உம் 1951 வோல்ட்டுக்கு நகரும். பத்து வோல்ட்டுக்கும் குறைவான நகர்வு, மின்கட்டமைப்புக்கு எதுவும் தெரியாது. ஆறும் போன பிறகுதான் 2000-ஐத் தொடும். இன்னொரு வழி, உபரிகளைப் பைபாஸ் நிலையிலேயே உறங்கவைத்து, தேவைப்படும்போது எழுப்புவது. உறங்கும் தொகுதிக்குத் தேய்மானம் குறைவு, மின்னிழப்பும் குறைவு. ஆனால் எழுப்பும்போது காலியான மின்தேக்கியை நிரப்ப நேரம் பிடிக்கும். அதைவிட மோசமானது, உறங்குபவர் உண்மையில் உறங்குகிறாரா செத்துவிட்டாரா என்பது எழுப்பும்போதுதான் தெரியும். நான் முதல் வழியின் பக்கம்தான். தினமும் வேலை செய்கிறவனின் உடல்நிலை தினமும் தெரியும்.

மோட்டார்களை ஓட்டும் நடுத்தர மின்னழுத்த மாற்றிகளில் இதைவிட அழகான ஒரு தந்திரம் இருக்கிறது, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு கட்டத்துக்கு ஐந்து தொகுதிகள் மாதிரி கொஞ்சமாகத்தான் இருக்கும். ஒரு கட்டத்தில் இரண்டு, இன்னொன்றில் ஒன்று போய்விட்டால் மீதி 5, 4, 3. சமநிலை வேண்டுமே என்று எல்லாவற்றையும் மூன்றுக்குக் குறைத்தால் கிடைப்பது 60 சதவீத மின்னழுத்தம். அப்படிச் செய்யாமல், மூன்று கட்டங்களும் சேரும் நடுநிலைப் புள்ளியை மையத்திலிருந்து நகர்த்தி, கட்டங்களுக்கு இடையிலான கோணங்களை 120 பாகையிலிருந்து மாற்றினால் என்ன? மோட்டாருக்குத் தெரிவது கட்டங்களுக்கு இடையிலான மின்னழுத்தம் மட்டுமே. அது சமபக்க முக்கோணமாக இருந்தால் போதும். உள்ளே ஒரு புள்ளியிலிருந்து மூன்று முனைகளுக்கும் தூரம் 5, 4, 3 என வரும்படி முக்கோணம் வரைந்தால் கோணங்கள் ஏறத்தாழ 97, 113, 150 பாகை. பக்கத்தின் நீளம் பழையதில் 78 சதவீதம். 60 எங்கே, 78 எங்கே! ஒரு புதிய பாகமும் சேர்க்காமல் வெறும் வடிவியலில் கிடைத்த ஆதாயம். 3, 4, 5 என்ற பழைய நண்பர்கள் இங்கேயும் வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இனி, எத்தனை உபரி வேண்டும் என்ற கேள்வி. மீண்டும் கற்பனை எண்களே: ஒரு தொகுதி ஓராண்டில் கெடும் வாய்ப்பு இருநூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு கைக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஒரு பழுது, ஆறு கைகளுக்கு ஆறு. உபரி எதுவும் இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஆறு முறை மாற்றி நிற்கும். கைக்கு நான்கு உபரி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை நிறுத்திக் கெட்டவற்றை மாற்றினால், ஓராண்டில் ஏதாவது ஒரு கை உபரியைத் தாண்டும் வாய்ப்பு ஏறத்தாழ 2.2 சதவீதம். ஆறு உபரி வைத்தால் 0.05 சதவீதம், அதாவது இரண்டாயிரத்தில் ஒன்று. இரண்டே தொகுதிகள் கூடுதலாக வைத்ததில் நாற்பது மடங்கு முன்னேற்றம். இந்த இடத்தில் பலர் திருப்தியடைந்து கோப்பை மூடிவிடுவார்கள்.

அடுத்த வரியையும் போட்டுப் பாருங்கள். அதே ஆறு உபரி, ஆனால் பராமரிப்பை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று தள்ளிவைக்கிறார்கள். அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வாய்ப்பு 2.7 சதவீதம். இடைவெளி இரண்டு மடங்கானதில் ஆபத்து ஐம்பது மடங்குக்கு மேல் கூடிவிட்டது. உபரி என்பது பாகத்தின் எண்ணிக்கை அல்ல, அடுத்த பராமரிப்புவரை தாக்குப்பிடிக்கும் கால அவகாசம். "ஆறு இருக்கிறதே, இந்த ஆண்டு நிறுத்தாமல் ஓட்டிவிடலாம்" என்று ஒரு கூட்டத்தில் யாராவது சொல்லும்போது, அவர் நான்கு உபரி வைத்த மாற்றியைவிடச் சற்று மோசமான ஒன்றைத் தன்னையறியாமல் கேட்கிறார்.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: பழுதுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. நிஜத்தில் இந்த நம்பிக்கை உடைவதுதான் மாற்றிகளை நிறுத்துகிறது. நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் தினமும் காலையில் ஆறு கைகளின் பைபாஸ் எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதுவது வழக்கம். ஒரு கோடையில் ஒரு கையின் வரிசை மட்டும் 1, 1, 2, 2, 2, 3, 4 என்று போனது. ஒவ்வொரு முறையும் மஞ்சள் நிற அறிவிப்பு வரும், ஏற்றுக்கொண்டதாகப் பொத்தானை அழுத்துவோம், மாற்றி ஓடிக்கொண்டே இருக்கும். உபரி இன்னும் இருக்கிறது, விதிப்படி எல்லாம் சரி. எங்களில் ஒருவர்தான் எண்ணிக்கையை விட்டுவிட்டு, கெட்ட தொகுதிகளின் இருப்பிடத்தை ஒரு தாளில் வரைந்தார். நான்கும் மேலடுக்கில். வால்வு கூடத்தில் சூடான காற்று மேலேதான் தேங்கும். பெரிய சாதனங்களைத் தண்ணீர் குளிர்விக்கிறது, ஆனால் அந்தச் சிறு மின்வழங்கி அட்டைகளுக்குக் காற்றுதான் கதி. அட்டையில் கட்டைவிரல் அளவுள்ள ஒரு மின்பகுபொருள் மின்தேக்கி உள்ளே உலர்ந்துகொண்டிருந்தது. இவ்வகைக்கு வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எல்லோரும் சொல்லும் பொது விதி. ஆக, எங்களிடம் ஆறு உபரிகள் இருக்கவில்லை. ஒரே நேரத்தில் வயதாகிக்கொண்டிருந்த ஒரு அடுக்கு முழுவதும் இருந்தது. கிடங்கில் வைத்திருந்த மாற்று அட்டைகளும் அதே தொகுப்பில் வாங்கியவை. நிறுத்த நாளை முன்னால் கொண்டுவந்து, அந்த அடுக்கின் அட்டைகள் எல்லாவற்றையும், கெடாதவற்றையும் சேர்த்து, வேறு தொகுப்பிலிருந்து மாற்றினோம். இரண்டு நாள் மின்கடத்தல் போனது. நான் மூன்றாவது பழுதிலேயே தாளை எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை.

பொதுக் காரணங்களில் தண்ணீர் தலையாயது. அயனி நீக்கிய நீர் குழாய்கள் வழியாக வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருக்கும் சாதனங்களைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அதன் மின்கடத்துதிறன் பெரும்பாலும் செ.மீ.க்கு 0.5 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். குடிநீருக்கு இது நூற்றுக்கணக்கில் இருக்கும். இரண்டு பம்புகள், ஒன்று ஓடும், ஒன்று காத்திருக்கும். ஒன்று நின்று மற்றது வேகம் பிடிக்கும் சில நொடிகளில் நீரழுத்தம் சரியும், பாதுகாப்பு அமைப்பு அவசரப்பட்டு டிரிப் கொடுத்து மாற்றியை நிறுத்திவிடாதபடி அந்தச் சரிவைக் கடக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பம்புகளின் கட்டுப்பாட்டு மின்சாரமும் ஒரே சிறு பிரேக்கரிலிருந்து போவதைக் கண்டுபிடித்தால் ஆச்சரியப்படாதீர்கள். வரைபடத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும். பின்னால் போகும் கோடு ஒன்றாக இருக்கும்.

கட்டுப்பாட்டு அமைப்பை இரட்டையாக வைப்பார்கள், ஒன்று ஓட்டும், மற்றது உடன் கணக்குப் போட்டுக்கொண்டே தயாராக இருக்கும். இரண்டும் மாறுபட்டால் எது சொல்வது சரி என்ற சிக்கல் வரும். ஆகவே பாதுகாப்புப் பிரிவில் மூன்று வைத்து, இரண்டு ஒத்துக்கொண்டால் மட்டுமே டிரிப் என்ற வாக்கெடுப்பு முறையும் வழக்கில் உண்டு. மின்மாற்றியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எச்விடிசி நிலையங்களில் நீண்ட நிறுத்தங்களுக்கு அதுவே பெரிய காரணங்களில் ஒன்று. அதைப் பைபாஸ் செய்ய முடியாது, நிலையத்திலேயே ஒரு மாற்று மின்மாற்றி நிற்க வேண்டும், அவ்வளவுதான். நேர், எதிர் என இரு டி.சி. துருவங்கள் தனித்தனியாக இயங்கும் இருதுருவ அமைப்பாக இருந்தால் ஒரு துருவம் போனாலும் மறு துருவம் பாதிச் சக்தியைக் கொண்டுபோகும். அந்த வாய்ப்பு இல்லாத அமைப்பில் முழுவதும் நிற்கும்.

கடைசிக் கேள்வி, எப்போது நிறுத்துவது. உபரி எண்ணிக்கை தீர்ந்ததும் நிறுத்துவது கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் அழுத்தமாக எழுதாத, ஆனால் நான் ஒருபோதும் தயங்காத இடம் வேறு. பைபாஸ் சுவிட்சுக்கு உத்தரவு போய்விட்டது, மூடியதற்கான ஒப்புதல் திரும்பி வரவில்லை. அந்தத் தொகுதி இப்போது நமக்குத் தெரியாத நிலையில் இருக்கிறது. கெட்ட தொகுதி பிரச்சினை இல்லை, எந்த நிலையில் கெட்டது என்று தெரியாத தொகுதிதான் பிரச்சினை. உபரி ஆறும் அப்படியே இருந்தாலும் மாற்றி உடனே தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். இதைத் தானியங்கியாகவே அமைத்திருப்பார்கள், மில்லிநொடிகளில் மனிதர் முடிவெடுக்க முடியாது. மனிதருக்குள்ள வேலை, "ஒப்புதல் சமிக்ஞைதான் வரவில்லை, சுவிட்ச் மூடியிருக்கும்" என்று சொல்லி அந்தத் தானியங்கி டிரிப்பைத் தளர்த்தச் சொல்பவரை மறுப்பது. அது ஒளியிழையின் கோளாறாகவே இருக்கலாம். பத்தில் ஒன்பது முறை அப்படித்தான் இருந்திருக்கிறது. பத்தாவது முறை இருபதாயிரம் ஜூல்.

இந்தச் சுவிட்சின் இயல்பையும் யோசித்துப் பாருங்கள். பதினைந்து ஆண்டுகள் அசையாமல் நிற்கும், பிறகு ஒரே ஒரு நாள் சில மில்லிநொடிகளுக்குள் பிழையில்லாமல் மூட வேண்டும். அது ஏற்கெனவே செத்திருந்தால் எந்தத் திரையும் சொல்லாது. ஆகவே பராமரிப்பு நிறுத்தத்தில், மின்தேக்கிகள் முழுவதும் வடிந்து, தரையிணைப்புக் கம்பிகள் மாட்டிய பிறகு, கெட்ட தொகுதிகளை மாற்றுவதோடு நின்றுவிடாமல், நலமாக இருக்கும் தொகுதிகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து அவற்றின் சுவிட்சை மூடித் திறந்து நேரத்தை அளந்து பாருங்கள். மின்தேக்கியின் கொள்ளளவையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். உலோகப் பூச்சுப் படலம் கொண்ட வகை ஒவ்வொரு சிறு உடைப்பையும் தானே எரித்து ஆற்றிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுருங்கும். சில சதவீதம் குறைந்தாலே ஓய்வுக்கு அனுப்பும் வயது நெருங்கிவிட்டது என்று பொருள். வெடித்து ஆர்ப்பாட்டம் செய்யாத இந்த இழப்பை ஆண்டுதோறும் எழுதிவைத்த எண்களில் மட்டுமே பார்க்க முடியும். பதிவேட்டில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் தொகுதியின் அடுக்கையும் வரிசையையும் எழுத ஒரு கட்டம் விட்டுவையுங்கள்.